வன்தட்டு: எந்தப் பெயரை நம்புவது?

பத்திரிகைத் துறையில் உள்ள நண்பர்கள் அண்மைக் காலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி அரசியலைப் பற்றியதன்று. "அண்ணை, எந்தக் கொம்பனியின்ர ஹார்ட் டிஸ்க் நல்லது?" என்பதே அது. நான் கணினி வல்லுநன் அல்லன். ஆயினும், ஆசிரிய பீடத்து மேசைகளில் இருந்த கோப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் குடிபுகுந்த பின்னர், வன்தட்டைப் பற்றி அறிந்திருப்பதும் எமது தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

இக்கேள்விக்கு எவரிடமும் விடைக்குப் பஞ்சமில்லை. சீகேட் வன்தட்டு ஒன்று பழுதாகிப் படங்களை இழந்தவர், இனி வெஸ்டர்ன் டிஜிட்டலைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்பார். வெஸ்டர்ன் டிஜிட்டலில் இழந்தவர் அதையே மறுபுறமாகச் சொல்வார். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் கடைக்கொரு தீர்ப்புக் கிடைக்கும். அந்தந்தக் கடையில் எது அதிகம் இருப்பில் உள்ளதோ அதற்குச் சாதகமாகவே பெரும்பாலும் அத்தீர்ப்பு அமைந்திருக்கும். ஒருவர் தம் வாழ்நாளில் வாங்கும் வன்தட்டுகள் ஐந்தோ பத்தோதான். அவற்றில் ஒன்று பழுதானதை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது, ஒரேயொரு வாக்குச் சாவடிக்குச் சென்று திரும்பித் தேர்தல் முடிவை எழுதுவதைப் போன்றது.

எனினும் இதனைச் சிறிய விடயமாக ஒதுக்கிவிட முடியாது. அச்சுக் காலத்தில் ஒரு செய்தி ஆயிரக்கணக்கான பிரதிகளாக வீடுகளுக்குச் சென்றது. சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்திற்கும் சென்றது. அலுவலகக் கோப்பு அழிந்தாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு பிரதி கிடைத்தது. இப்போது நிலைமை வேறு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கிழக்குக் கரையில் நின்ற படப்பிடிப்பாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்திருப்பார். மறுநாள் பத்திரிகையில் அவற்றில் இரண்டோ மூன்றோ வெளிவந்திருக்கும். எஞ்சியவை எங்கே? போர்க்கால ஆண்டுகளில் ஒலிநாடாவில் பதிவுசெய்து பின்னர் கணினிக்கு மாற்றிய நேர்காணல்கள் எங்கே? அவற்றுட் பல, யாரோ ஒருவருடைய அலுமாரியில், பெயர் எழுதப்படாத ஒரு வன்தட்டில், ஒரேயொரு பிரதியாகக் கிடக்கின்றன. பேசியவர்களிற் பலர் இன்று உயிருடன் இல்லை. ஆகவே கேள்வி நியாயமானதே. அது கேட்கப்படும் விதத்திலேயே எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சேமிப்பகம் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகள் அதில் சுழன்றன. அது கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று ஒரு படத்துக்கே அது போதாது. 1980இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்கு ஏற்ற 5 மெகாபைட் வன்தட்டை வெளியிட்டது. அதன் பின்னர் இத்துறையில் டசின் கணக்கான நிறுவனங்கள் இறங்கின. எங்கள் அலுவலகங்களுக்குக் கணினி வந்த காலத்தில் கோனர், குவாண்டம், மெக்ஸ்டர், புஜிட்சு, ஐ.பி.எம்., சம்சுங் என்று எத்தனையோ பெயர்கள் அடிபட்டன. கோனரை 1996இல் சீகேட் வாங்கியது. குவாண்டத்தின் வன்தட்டுப் பிரிவை 2001இல் மெக்ஸ்டர் வாங்கியது. அந்த மெக்ஸ்டரையே 2006இல் சீகேட் வாங்கியது. புஜிட்சுவின் பிரிவு 2009இல் தோஷிபாவிடம் சென்றது. சம்சுங்கின் பிரிவு 2011இல் சீகேட்டிடம் சென்றது. இன்று உலகில் வன்தட்டு உற்பத்தி செய்வோர் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. கடையில் வேறு பெயருடன் ஒரு வெளி வன்தட்டு இருக்குமாயின், அதன் உறைக்குள் இருப்பது இம்மூவரில் ஒருவருடைய தட்டே. ஆகவே, "எந்தக் கொம்பனி" என்ற கேள்விக்கு விடையளிக்கும் களம் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது.

ஐ.பி.எம். விட்டுச்சென்ற கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 'டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி.' என்ற வன்தட்டை வெளியிட்டது. வேகமானது என்று விமர்சகர்கள் புகழ்ந்தனர். சில மாதங்களில் அவை அடுத்தடுத்துப் பழுதடையத் தொடங்கின. அமெரிக்காவில் 2001இல் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். பெயரைச் சற்றுத் திரித்து 'டெத்ஸ்டார்' என்று அழைத்து, மரண நட்சத்திரமாக்கிவிட்டனர். கணினி உலகின் மிகப் பெரிய பெயரே அதன் மேல் எழுதப்பட்டிருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும். அந்த வன்தட்டுப் பிரிவை ஐ.பி.எம். ஹிட்டாச்சியிடம் விற்றது, 2003 முதல் அது ஹிட்டாச்சியின் பெயரில் இயங்கியது. டெஸ்க்ஸ்டார் என்ற பெயரையும் ஹிட்டாச்சி மாற்றவில்லை. பத்தாண்டுகள் கழிந்த பின்னர் வெளியான புள்ளிவிபரங்களில் மிகக் குறைவாகப் பழுதடைந்தவை எவை? அதே ஹிட்டாச்சியின் வன்தட்டுகளே. தூற்றப்பட்ட பிரிவே போற்றப்பட்டது. அப்புகழ் பரவி, "ஹிட்டாச்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று மக்கள் பேசத் தொடங்கிய வேளையில் அந்நிறுவனம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் கைக்குச் சென்றிருந்தது (2012). இன்று அந்தப் பெயர் சந்தையில் இல்லை.

ஒரு வன்தட்டு நம்பகமானதா என்பதை அறிய மூன்று நான்கு ஆண்டுகள் அதனை ஓடவிட வேண்டும். அந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அந்த மாதிரி சந்தையிலிருந்து போய்விடுகிறது. நாம் வாங்குவது புதிய மாதிரி. கேட்பதோ பழையதன் புகழ்.

சீகேட் தொடர்பான வசைக்கும் இத்தகைய வரலாறே காரணம். 2008ஆம் ஆண்டளவில் விற்பனையான அதன் 'பரகூடா 7200.11' வரிசையில், தட்டில் எக்குறையும் இல்லாதிருக்க, உள்ளிருந்த மென்பொருளின் தவறினால் கணினியை இயக்கும்போது வன்தட்டு தன்னைக் காட்டிக்கொள்ளாமலே இருந்துவிடும். 2009 ஜனவரியில் நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. அதன் பின்னர் 2011இல் வந்த 3 டெராபைட் பரகூடா மாதிரி ஒன்று உண்மையாகவே மோசமானது. அமெரிக்காவில் இணையவழிச் சேமிப்புச் சேவை வழங்கும் பெக்பிளேஸ் நிறுவனம் 2012இல் பொருத்திய அம்மாதிரி வன்தட்டுகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை 2015இன் தொடக்கத்திற்குள் பழுதடைந்தன. அதே நிறுவனத்தின் 4 டெராபைட் வன்தட்டுகள் அதே கட்டடத்தில் அவற்றைவிடப் பன்மடங்கு நன்றாக இயங்கின. பெயர் ஒன்று, மாதிரி வேறு, விளைவு முற்றிலும் வேறு.

இனி எண்களுக்கு வருவோம். உற்பத்தியாளர்கள் தரும் விபரத்தாளில் 'இரு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம்' என்றொரு வரி இருக்கும். பத்து இலட்சம் மணித்தியாலம் என்று அதில் எழுதியிருப்பார்கள். பத்து இலட்சம் மணித்தியாலம் என்பது ஏறத்தாழ 114 ஆண்டுகள்! எந்த வன்தட்டையும் எவரும் 114 ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்த்ததில்லை. ஆயிரம் வன்தட்டுகளைச் சில மாதங்கள் ஓடவிட்டு, எத்தனை பழுதாகின என்று எண்ணி, கணக்கைப் பெருக்கிப் பெறும் எண் அது. அதன் உண்மையான பொருள், ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகப் பழுதடையும் என்பதே. அதையாவது நம்பலாமா? 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும் பெரிய நிலையங்களில் இயங்கிய ஏறத்தாழ ஒரு இலட்சம் வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். மாற்றப்பட்டவை ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பது சாதாரணமென்றும், சில இடங்களில் 13 சதவீதம் வரை சென்றதென்றும் கண்டனர். விலை கூடிய, நிறுவனங்களுக்கென்றே விற்கப்படும் வகைகளும் மலிவானவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டிருக்கவில்லை.

அதே ஆண்டில், அதே மாநாட்டில், கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட தமது வன்தட்டுகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். எந்த நிறுவனத்துடையது எத்தனை பழுதாகியது என்பதை மாத்திரம் அவர்கள் சொல்லவில்லை. (பெரிய கொள்வனவாளர் தம் விற்பனையாளரைப் பகைக்க மாட்டார், இது பத்திரிகைக்காரனுக்குப் புதிய பாடமன்று.) ஆனால் மற்றொரு முக்கியமான செய்தி அதில் இருந்தது. வன்தட்டுகள் தம்மைத் தாமே கண்காணித்து எச்சரிக்கும் 'ஸ்மார்ட்' என்ற வசதியைக் கொண்டுள்ளன. பழுதான வன்தட்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை அத்தகைய எச்சரிக்கை எதுவுமின்றியே மாண்டன. எச்சரிக்கை வந்தால் பழுதடையும் வாய்ப்பு பெரிதும் கூடும். எச்சரிக்கை வரவில்லையென்றால் அதற்கு எப்பொருளும் இல்லை.

பெயர்களை மறைக்காமல் வெளியிடுபவர்கள் மேற்குறிப்பிட்ட பெக்பிளேஸ் நிறுவனத்தினரே. 2013 முதல் மாதிரி வாரியாக அவர்கள் கணக்கை வெளியிட்டு வருகின்றனர். 2024 முடிவில் அவர்களிடம் இருந்தவை ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்தட்டுகள். அவ்வாண்டில் பழுதடைந்தவை 1.57 சதவீதம், அதற்கு முந்திய ஆண்டில் 1.70 சதவீதம். வன்தட்டு வாங்க எண்ணும் எவரும் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னர் அப்பட்டியலைப் பார்ப்பது நல்லது. ஆனால் அதனை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. அங்கே வன்தட்டுகள் குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் இரவுபகலாக ஒரே சீராகச் சுழல்கின்றன. இங்கே அவை பேருந்தில் பையோடு அடிபடுகின்றன, மேசையிலிருந்து விழுகின்றன, கடற்கரையோர வீட்டில் உப்புக்காற்றைச் சுவாசிக்கின்றன. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களை எவரும் மறந்திருக்கமாட்டார். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகக் கூறப்பட்டு நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கலிபோர்னியாவின் புள்ளிவிபரத்தில் குரங்குக்கு இடமில்லை.

மின்சாரம் திடீரென நின்றால் இன்றைய வன்தட்டின் வாசிப்பு முனை தானாகவே பாதுகாப்பான இடத்திற்கு ஒதுங்கிவிடும். ஆனால் அவ்வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றுவிடும். சில சமயம் கோப்புகளின் அட்டவணையே குலைந்துவிடும். மின்சாரம் திரும்பி வரும்போது ஏற்படும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் ஆபத்தானது. ஆகவே மேசைக் கணினி வைத்திருப்பவர், வன்தட்டின் பெயரைத் தேடி அலைவதற்கு முன்னர் ஒரு நல்ல யு.பி.எஸ். வாங்குவதே மேல். கையில் கொண்டு திரியும் வன்தட்டுக்கோ விழுதலே முதற் பகை. அதனுள் வாசிப்பு முனை தட்டின் மேல் மிதக்கும் உயரம் சில நனோமீற்றர் மாத்திரமே. ஒரு தலைமயிரின் தடிப்பு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்த வன்தட்டைக் காப்பாற்ற எந்த நிறுவனத்தின் பெயராலும் முடியாது.

அவ்வாறாயின், வாங்கும்போது எதைத்தான் பார்ப்பது? பெயரையல்ல, மாதிரி இலக்கத்தைப் பாருங்கள் என்பேன். உறையின் மேல் ஒரே நிறமும் ஒரே பெயரும் இருக்க, உள்ளே தொழில்நுட்பம் மாறியிருக்கக்கூடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், வலையமைப்புச் சேமிப்பகங்களுக்கென விற்ற 'ரெட்' வரிசையின் சில மாதிரிகளில், ஓடுகளை அடுக்குவது போன்று தரவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும் முறையைச் சொல்லாமற் புகுத்தியிருந்தமை 2020இல் அம்பலமானது. அம்முறையினால் மீண்டும் மீண்டும் எழுதும்போது வேகம் பெரிதும் குறைந்தது. எழுதிவிட்டு எடுத்து வைக்கும் பிரதிக்கு அது பெரிய குறையன்று. பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து இயக்குவோருக்குப் பெருங்குறை.

புதியது என்று விற்கப்படுவது புதியதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடிய சீகேட் வன்தட்டுகள், பாவனை நேரம் பூச்சியமாக்கப்பட்டு, புதியனவாக ஜெர்மனியில் விற்கப்பட்டமை வெளிச்சத்திற்கு வந்தது. உற்பத்தியாளரின் வேலையன்று அது. இடையில் எவரோ செய்த கைவரிசை. ஜெர்மனியில் நடந்தது இங்கு நடவாது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. வாங்கியவுடன் அதன் தொடரிலக்கத்தை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் இட்டு உத்தரவாதத் திகதியைச் சரிபாருங்கள். மணித்தியாலக் கணக்கைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று ஆண்டு உத்தரவாதம் உள்ளது இரண்டு ஆண்டு உத்தரவாதம் உள்ளதைவிடச் சிறந்ததே. ஆனால் அது தட்டுக்கான உத்தரவாதம். எனக்குத் தெரிந்த மாகாணச் செய்தியாளர் ஒருவர், பதினொரு ஆண்டுப் படங்கள் இருந்த வன்தட்டு 'டிக், டிக்' என்ற ஓசையுடன் நின்றுபோக, அதைக் கொண்டு கடைக்குச் சென்றார். உத்தரவாதக் காலம் முடியவில்லை. கடைக்காரர் மிகவும் நேர்மையானவர். பழையதை வாங்கி வைத்துக்கொண்டு, மறுவாரமே புத்தம் புதிய வன்தட்டு ஒன்றைக் கொடுத்தார். வெறுமையானது. அவருக்கு எவ்விதக் குறையும் வைக்கவில்லை என்றே அந்நிறுவனத்தின் பதிவேடு சொல்லும்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வன்தட்டு ஓர் ஆண்டில் பழுதடையும் வாய்ப்பு நூற்றில் இரண்டு என்று கொள்வோம். மிகக் கவனமாகத் தேடி மிகச் சிறந்த மாதிரியை வாங்கினீர்கள்; அது நூற்றில் ஒன்றாகக் குறைந்தது. நல்லது. அதற்குப் பதிலாக, தேடாமலே இரண்டு சாதாரண வன்தட்டுகளை வாங்கி, ஒரே கோப்புகளை இரண்டிலும் வைத்து, வெவ்வேறு வீடுகளில் வைத்தீர்கள் என்று கொள்வோம். இரண்டும் ஒரே ஆண்டில் பழுதடையும் வாய்ப்பு இரண்டாயிரத்து ஐந்நூற்றில் ஒன்று. முதலாவது பழுதானவுடன் மாற்றிவிட்டால் அதனினும் குறைவு. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே மின்செருகியில் வைத்தால் இக்கணக்குப் பொருந்தாது. ஒரு மின்னல் இரண்டையும் கொண்டுபோகும். நிறுவனத்தின் பெயர் இக்கணக்கில் ஒரு மூலையில் நிற்கிறது, அவ்வளவே. அப்படியிருந்தும் பெயர் வேண்டுமென்பவர்களுக்கு நான் சொல்வது: ஒன்றைச் சீகேட்டிலும் மற்றதை வெஸ்டர்ன் டிஜிட்டலிலோ தோஷிபாவிலோ வாங்குங்கள். ஒரே தொகுதியில் வந்த இரண்டுக்கும் ஒரே நோய் இருக்கக்கூடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதனையே மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று விதியாக்கினார். அவர் கணினிப் பொறியியலாளர் அல்லர், எம்மைப் போன்று படங்களைக் காக்க வேண்டியிருந்தவர். இரண்டாவது வகைக்கு இறுவட்டு உதவாதா என்று சிலர் கேட்கின்றனர். எழுதிய இறுவட்டுகள் எமது வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மங்கிப்போவதை இருபது ஆண்டுகளுக்கு முந்திய தட்டுகளை எடுத்துப் பார்ப்பவர் அறிவார்; அவற்றை வாசிக்கும் கருவியும் புதிய மடிக்கணினிகளில் இல்லை. சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வகை விழுந்தாலும் தாங்கும், வேகமானது, அன்றாட வேலைக்கு அதுவே சிறந்தது. ஆனால் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே எடுத்து வைப்பதற்கு வன்தட்டே இன்னும் ஏற்றது, ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்து ஓடவிட்டுக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்ப்பீர்களாயின். முக்கியமானவற்றை இணையச் சேமிப்பகத்தில் வைப்பது மூன்றாவது பிரதி. கட்டணம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதை மறவாதிருந்தாற் சரி.

ஒரே பிரதி என்பதன் பொருளை எமது சமூகத்திற்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுட் பல மீண்டும் வாங்கக்கூடியவையாக இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதிருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளுமே நிரந்தரமாகப் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகத் திட்டம் அந்த இழப்பை மனத்திற் கொண்டே இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலாக்கி எவரும் தரவிறக்கக் கூடியதாக வைத்தது. தரவிறக்கிய ஒவ்வொருவரும் ஒரு பிரதியை வைத்திருப்பவரே.

ஆனால் எமது பத்திரிகை அலுவலகங்கள்? அச்சில் வந்தது மின்னூலகத்தில் கிடைக்கும். அச்சில் வராதவற்றை, அதாவது படப்பிடிப்பாளரின் எஞ்சிய நூற்றுக்கணக்கான படங்களையும் வெட்டப்படாத நேர்காணல்களையும் எவர் காப்பது? ஒரு நிறுவனத்தில், ஓய்வுபெற்றுச் சென்ற படப்பிடிப்பாளரின் கணினியைத் துடைத்துப் புதியவருக்குக் கொடுத்ததை நான் அறிவேன். இன்னொன்றில், நான்கு வன்தட்டுகள் ஒரு மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. எதில் என்ன உள்ளது என்று தெரிந்தவர் வெளிநாடு சென்றுவிட்டார். அச்சு இயந்திரத்திற்கும் வாகனத்திற்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் முகாமைத்துவம், மூன்று வன்தட்டுகளும் அவற்றிற்குப் பொறுப்பாக ஓர் அலுவலரும் என்ற ஒரு வரியை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கட்டும். எந்த நிறுவனத்தின் வன்தட்டு என்பதைக் கொள்வனவுப் பிரிவே தீர்மானித்துக்கொள்ளட்டும்.